விரலுக்குக் கண் கொடுத்த லூயி பிரெயில்

குமாரபாளையத்தில் தறியில் இழை அறுந்தால், நெசவாளியின் விரல் அதைச் சட்டென்று தேடிப் பிடித்துவிடும். விரலுக்கு அவ்வளவு கூர்மை உண்டு.

அந்தக் கூர்மையை நம்பி, கண் தெரியாதவர்களுக்கு ஓர் எழுத்து முறையையே உண்டாக்கினார் ஒருவர். அவர்தான் லூயி பிரெயில்.

1809 ஜனவரி 4-ந் தேதி பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் லூயி பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடினான். அது கண்ணில் பாய்ந்தது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் இருண்டுவிட்டன.

பத்து வயதில் பாரிஸ் நகரிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே புடைப்பு எழுத்துப் புத்தகங்கள் சில இருந்தன. ஒவ்வொன்றும் பெரிது; கனமோ கனம். தடவித் தடவிப் படிக்கலாம். ஆனால் எழுத முடியாது!

1821-ல் ஷார்ல் பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து அந்தப் பள்ளிக்கு வந்தது. ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தான். 1824-ல் ஆறே புள்ளிகளில் முடித்துவிட்டான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து!

அந்தப் புள்ளிகளைக் குத்தவும் ஓர் ஊசிதான் வேண்டும். கண்ணைப் பறித்ததும் ஊசிதானே!

படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தார். இசைக்கும் புள்ளி எழுத்து அமைத்தார். ஆனால் 1840-ல் பள்ளியின் தலைவரானவர் இம்முறையை ஒதுக்கினார். மாணவர்கள் விடவில்லை, ஒளித்து வைத்துப் படித்தார்கள்! 1844-ல் பள்ளியே இறங்கி வந்தது.

காசநோய் அவரை விடவில்லை. 1852 ஜனவரி 6-ந் தேதி, நாற்பத்து மூன்றாம் வயதில் கண் மூடினார். இரண்டு ஆண்டு கழித்தே, 1854-ல், பிரான்சு அரசு அவர் எழுத்தை ஏற்றது. 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் வந்தது. தமிழும் ஆறு புள்ளிக்குள் அடங்கியது.

இந்தப் புள்ளிகள் கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்துவிட்டன. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள் இப்போது உண்டு. ஆனால் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளே கெட்டுப்போனால்? குரலும் போய்விடும். அதை மறுபடி ஏற்றக் கண் தெரிந்த ஒருவரைத் தேடி அலைய வேண்டும்.

அதற்கும் வழி பிறந்தது. டெபியன் என்பது லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. இலவசம், யாரும் திருத்திக்கொள்ளலாம். குமாரபாளையத்தில் பார்வையற்ற வாலிபர் ஒருவர் அதை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒலி கொடுக்கும். அவர் 'எஸ்' எழுத்தையும் என்டர் விசையையும் தட்டினால் போதும். குரல் பேசத் தொடங்கும். பிரெயில் கருவியை இணைத்திருந்தாலோ, பெரும்பாலும் அதுவே கண்டுகொள்ளும். சின்னஞ்சிறு ஊசிமுனைகள் மேலெழும்பி, முதல் கேள்வியை அவர் விரலடியில் எழுதிக் காட்டும்.