பட்டியல் எழுதிய பேரறிஞர்

1527ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த ஜோன் டீ, கணிதத்திலும் சோதிடத்திலும் வல்லவர். முதலாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு நாட்குறித்தவர். மடாலயங்கள் மூடப்பட்டுப் பழஞ்சுவடிகள் அழிவது கண்டு வருந்திய அவர், தேசிய நூல்நிலையம் ஒன்றை நிறுவுமாறு 1556இல் மேரி அரசியை வேண்டினார். வேண்டுகோள் பலிக்கவில்லை. ஆகவே, மோட்லேக்கிலிருந்த தம் இல்லத்திலேயே சோதிடம், இரசவாதம், மறைஞானம் முதலிய பல துறை நூல்களையும் ஆயிரக்கணக்கில் திரட்டினார். 1583இல் ஐரோப்பியப் பயணம் புறப்படுமுன் அவற்றுக்குப் பட்டியல் எழுதினார். அவர் சென்றபின் நூல்கள் பல களவுபோயின, பட்டியலோ எஞ்சியது. சிதறிய நூல்களை அறிஞர் இனங்காண இன்றும் அதுவே துணை. நம் வீட்டுப் பெட்டகங்களிலும் பாட்டனார் காத்த சோதிட, மாந்திரீக ஏடுகள் உறங்குகின்றன. கறையான் அரிக்குமுன் நாமும் அவற்றுக்கொரு பட்டியல் எழுதிவைப்போமாக.