புல்வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்தவர் யார்? எட்வின் பட்டிங்கின் கதை

வீட்டுப் புல்தரையைச் சமமாக வெட்ட இன்று ஒரு மெஷின் போதும். 200 வருஷத்துக்கு முன்பு இங்கிலாந்தில் இதற்கு அரிவாள் பழகிய ஆட்கள் வேண்டும். அதுவும் பனி ஈரம் காய்வதற்குள் வேலையை முடிக்கணும். அந்த நிலையை மாற்றியவர் எட்வின் பட்டிங்.

க்ளாஸ்டர்ஷயரின் ஸ்ட்ரௌட் பகுதியில் மெக்கானிக்காக இருந்தவர் இவர். அங்கே கம்பளித் துணி மில்கள் அதிகம். துணியில் துருத்தி நிற்கும் இழைகளைச் சுழலும் கத்திகள் கொண்ட மெஷின் சீராக நறுக்கும். அதைப் புல்லுக்கும் பயன்படுத்தினால் என்ன? அந்த யோசனைக்கு 1830-இல் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் பணம் போட்டவர் பார்ட்னர் ஜான் ஃபெராபி. தயாரிக்கும், விற்கும் உரிமை அவர் கைக்கே போனது. பட்டிங் சும்மா இருக்கவில்லை. திருகி அளவு மாற்றும் ஸ்பேனர் ஒன்றையும் உருவாக்கினார். 1846-இல் இறந்தபோது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும்.

இன்றும் கிரிக்கெட் மைதானங்களில் ஓடுவது அவருடைய டெக்னிக்தான். சுழலும் கத்தியும் அசையாத கத்தியும் சேர்ந்து, கத்தரிக்கோல் மாதிரி புல்லை நறுக்கும். நுனி கிழியாததால் புல் பழுப்பாகாது. வீட்டிலும் அதே விதிதான்: கத்தி கூர்மையாக இருக்கணும், ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.