பந்தயத்துக்கு முன்பே ஜெயித்த எரிக் லிடெல்



கேள்வித்தாளைக் கையில் வாங்கினதும் படிச்சதெல்லாம் மறந்து போகிற பிள்ளைகள் உண்டு. இண்டர்வியூவில் நாக்கு உலர்ந்து போகிற வாலிபர்கள் உண்டு. சபையில் முதல் தடவை சாட்சி சொல்ல எழுந்து, கால் நடுங்கி அப்படியே உட்கார்ந்து விடுகிறவர்களும் உண்டு. நெருக்கடி வேளையில் மனம் கலங்காமல் நம்முடைய வேலையைச் செய்வது எப்படி? இந்த மாதம் நாம் தியானிக்கப்போகும் தேவ மனிதனின் வாழ்க்கையில் இதற்குப் பதில் இருக்கிறது.

எரிக் லிடெல் 1902-ம் ஆண்டு சீன தேசத்தில் தியென்சின் பட்டணத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து தேசத்து மிஷனரிகள். படிப்பெல்லாம் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்த நாட்களில் அவருடைய ஓட்டம் தேசமெங்கும் பேசப்பட்டது. 1923-ல் 100 கெஜ தூரத்தை 9.7 விநாடியில் ஓடினார்.

சுபாவத்தில் அவர் கூச்சம் உள்ளவர், பெரிய பேச்சாளர் அல்ல. அதே 1923 ஏப்ரலில் ஆர்மடேல் என்ற சிறிய ஊரில் நடந்த சுவிசேஷக் கூட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். போனார். அலங்காரம் ஒன்றுமில்லாமல், தனக்கு இயேசு யார் என்பதை மட்டும் எளிமையாகச் சொல்லி முடித்தார். அதற்குப் பின் பல மேடைகளில் அப்படியே பேசினார். பயம் போன பிறகு பேசலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பேசப் பேசத்தான் தைரியம் வந்தது.

விழுந்தவர் எழுந்தார்

1923 ஜூலையில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்ற ஊரில் 440 கெஜ ஓட்டம். புறப்பட்ட சில அடிகளிலேயே இன்னொருவர் மோதியதில் எரிக் தடுமாறி புல்தரையில் விழுந்துவிட்டார். எழுந்திருக்கும்போது மற்றவர்கள் சுமார் 20 கெஜம் முன்னே போய்விட்டார்கள். நம்ம பிள்ளைகளாக இருந்தால் அழுதுகொண்டு வெளியே வந்திருப்பார்கள்! அவரோ, யார் தள்ளினது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். கடைசியில் முதலாவதாக வந்து, கோட்டைத் தாண்டினதும் சோர்ந்து விழுந்தார். முதல் கேள்விக்கு விடை தெரியவில்லையென்றால் பரீட்சையே போச்சு என்று நினைக்கிற தம்பி தங்கைகளே, இதைக் கவனியுங்கள். நடந்துபோனதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த அடியை எடுத்து வைக்கவேண்டும்.

முன்பே எடுத்த தீர்மானம்

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயம். எரிக்கின் பலம் 100 மீட்டர் ஓட்டம். அதன் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 6-ம் தேதி என்று அட்டவணை வந்தது. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஞாயிறு அன்று வந்த இரண்டு ரிலே ஓட்டங்களையும் விட்டார். தேசத்துக்குத் துரோகி என்றுகூடப் பேசினார்கள்.

1981-ல் இவரைப் பற்றி வந்த ஆங்கிலப் படத்தில், கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்ததாகக் காட்டினார்கள். நடந்தது அப்படி அல்ல. பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அப்போதே தீர்மானம் எடுத்தார். மீதி மாதங்களைப் புலம்புவதில் வீணாக்காமல், பயிற்சியாளர் டாம் மெக்கர்ச்சரோடு 200 மீட்டருக்கும் 400 மீட்டருக்கும் தன்னை ஆயத்தப்படுத்தினார்.

தானியேலும் இப்படித்தானே! ராஜ போஜனத்தைக் குறித்து முதலிலேயே இருதயத்தில் நிர்ணயம் பண்ணினார். நெருக்கடி வந்து நிற்கும்போது உட்கார்ந்து யோசித்தால் மனம் இரண்டாகப் பிரியும். முன்பே முடிவு பண்ணினவனுக்கு அந்த நேரத்தில் செய்ய ஒரே வேலைதான் இருக்கும்.

ஜூலை 9-ம் தேதி 200 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11, வெள்ளிக்கிழமை, 400 மீட்டர். அன்றே அரையிறுதி, அன்றே இறுதி. அரையிறுதியில் அமெரிக்கர் ஹொரேஷியோ பிட்ச் 47.8 விநாடியில் புதிய சாதனையே செய்துவிட்டார். எரிக்குக்குக் கிடைத்ததோ கடைசி வெளிப்பாதை. அதில் ஓடுகிறவருக்கு மற்றவர்கள் எங்கே வருகிறார்கள் என்று தெரியாது. அன்று காலை அணியின் மசாஜ்காரர் ஒருவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்திருந்தார். அதில் 1 சாமுவேல் 2:30-ன் வாக்குத்தத்தம் எழுதியிருந்தது.

ஓட்டத்துக்கு முன் போட்டியாளர்களிடம் போய்க் கைகுலுக்குவது அவருடைய வழக்கம். அந்தப் பெரிய நாளிலும் அதை விடவில்லை. பாருங்க, பக்கத்தில் நிற்கிறவன் நம்மைக் கவிழ்க்க வந்த எதிரி என்று நினைத்தால் நெஞ்சு படபடக்கும். அவனை வாழ்த்தினால் பாரம் இறங்கும்!

துப்பாக்கி வெடித்தது. முதல் 200 மீட்டரையே 22.2 விநாடியில் ஓடினார். இப்படி ஓடினால் பாதியில் விழுவார் என்று அநேகர் நினைத்தார்கள். அவரோ தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை வீசி, தன் வழக்கப்படியே ஓடினார். 47.6 விநாடி! தங்கப் பதக்கம், உலக சாதனை! பிட்ச் இரண்டாவதாக வந்தார்.

புகழின் உச்சியில் இருந்த வாலிபன் அடுத்த வருஷமே, 1925-ல், மிஷனரியாகச் சீனாவுக்குக் கப்பலேறினார். அல்லேலூயா!

முள்வேலிக்குள்

தியென்சினில் பள்ளி ஆசிரியராகவும், பிறகு யுத்தம் நடந்த கிராமப்புறத்திலும் ஊழியம் செய்தார். 1941-ல் கர்ப்பவதியான மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் பத்திரமாகக் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் பூமியில் காணவேயில்லை. 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். பசி, நெரிசல், எப்போது விடுதலை என்றே தெரியாத நிலை.

அங்கே அவர் அதிகாலையில் எழுந்து, சிறிய எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வேதம் வாசித்து ஜெபித்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், விளையாட்டு நடத்தினார், உடைந்த ஹாக்கி மட்டைகளை ஒட்டவைத்தார். பிள்ளைகளுக்கு அவர் எரிக் மாமா. பாரிஸில் அவரைத் தாங்கினதும் முகாமில் தாங்கினதும் ஒரே காலை ஜெபப் பழக்கம்தான். நெருக்கடி நாளில் புதுசாக ஒரு பழக்கத்தை உண்டாக்க முடியாது. ஏற்கெனவே இருப்பதுதான் கைகொடுக்கும்.

ஆனாலும் கடைசி மாதங்களில் அவருக்குக் கடும் தலைவலியும் மனச்சோர்வும் வந்தது. வேலைப்பளுவினால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிட்டுத் தாங்கியிருக்க வேண்டாமோ என்று அவரே வருத்தப்பட்டார். 1945 பிப்ரவரி 21-ம் தேதி, 43-வது வயதில், கர்த்தருடைய சமுகத்துக்குப் போனார். பிறகுதான் மூளையில் கட்டி இருந்தது தெரியவந்தது. முகாமுக்கு விடுதலை வந்தது ஆகஸ்ட் 17-ல்.

பிரியமானவர்களே, இதை விசேஷமாகச் சொல்கிறேன். நம்ம சபையில் யாராவது மனம் சோர்ந்து உட்கார்ந்தால், விசுவாசம் இல்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லாதிருங்கள். ஜெபியுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். எரிக்கின் விசுவாசம் குறையவில்லை, சரீரம்தான் வியாதிப்பட்டது.

இந்த வாரமே ஆரம்பியுங்கள். எதைச் செய்யமாட்டோம் என்று இன்றே கர்த்தருக்கு முன்பாகத் தீர்மானியுங்கள். காலையில் அரைமணி நேரமாவது அவருடைய பாதத்தில் அமருங்கள். உங்களோடு ஓடுகிறவனுக்காகவும் ஜெபியுங்கள். விழுந்தால் எழுந்து ஓடுங்கள். முடிவை அவர் கையில் விட்டுவிடுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் ஓட்டத்தை ஆசீர்வதிப்பாராக! ஆமென்.