டாக்டர் பெர்டினாண்டு ஸ்டொலிச்கா

திருவிடைமருதூரைச் சூழ்ந்த நாட்டிலே கல் என்று சொல்லத்தக்க பொருள் நிலத்தில் இயல்பாய்க் கிடைப்பதில்லை. கிணறு தோண்டினால் வண்டலும் மணலும் களியுமே மாறிமாறி வரும். மகாலிங்கசுவாமி கோயிலின் கருங்கற்கள் யாவும் பிற இடங்களிலிருந்து கொணரப்பட்டவையே. ஆயினும் இவ்வூரினின்றும் வடக்கே சென்று, 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை வழியாய்க் கொள்ளிடத்தைக் கடந்து, கங்கைகொண்டசோழபுரத்தையும் பின்னிட்டு அரியலூர்ப் பக்கம் செல்வோமாயின், நிலத்தின் தன்மை முற்றிலும் மாறிவிடுகின்றது. அங்கே சுண்ணக்கல்லும் சுக்கான்பாறையும் மலிந்த புன்செய்களில், கடலைக் கண்ணாலும் கண்டறியாத உழவரின் கொழுமுனையிற் கடற்சிப்பிகளும் சங்குகளும் கல்லாய் அகப்படுகின்றன. அவற்றுள் ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்டு கிடப்பவற்றிற்கு அம்மோனைட்டுகள் என்று பெயர். கடாவின் கொம்புகளையுடையவனாக எகிப்தியர் வணங்கிய அம்மோன் என்னும் தெய்வத்தின் பெயரடியாய் வந்த சொல் அது. வைணவர் இல்லங்களிற் பூசை பெறும் சாளக்கிராமத்தைப் பார்த்தவர்கள் இவ்வடிவை எளிதில் அறிவார்கள், அதுவும் இவ்வினத்ததே.

நம் நாட்டுக் கற்சங்குகளை இனம் பிரித்துப் பெயரிட்டு, அவை கிடந்த பாறைகளின் வயதையும் வரையறுத்தவர்களுள் முதன்மையானவர் பெர்டினாண்டு ஸ்டொலிச்கா. இவர் 1838-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் தேதி, அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசிற்கு உட்பட்டதும் இக்காலத்திற் செக் நாட்டைச் சேர்ந்ததுமான மொராவியாவிலே, குரோமெரீஷ் நகரை அடுத்த ஒரு காட்டுமனையிற் பிறந்தார். தந்தையார் வனக்காவற்பணி பூண்டவர். பிராகிலும் வியன்னாவிலும் பயின்று, எடுவார்டு சூயஸ் போன்ற பேராசிரியரிடம் நிலநூல் கற்று, 1861-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். சிறிது காலம் ஆல்ப்ஸ் மலையிலும் ஹங்கேரியிலும் பாறைகளை ஆராய்ந்தபின், இந்திய நிலவளவைத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்ட்ஹாம் அழைப்பிற்கிணங்கி 1862-இல் கல்கத்தாவிற்குப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு.

அங்கே அவருக்காகக் காத்திருந்தவை தமிழ்நாட்டுக் கற்கள். மதராஸ் சிவில் உத்தியோகஸ்தராயிருந்த கே, கன்லிப் என்னும் இருவர் முன்னரே புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் இவற்றைத் திரட்டி இங்கிலாந்திற்கு அனுப்பியிருந்தனர். எட்வர்டு போர்ப்ஸ் என்பார் 1846-இல் அவற்றைப்பற்றி எழுதியபொழுது பிரமா, விஷ்ணு, இந்திரன், சூரியன் என்று நம் நாட்டுத் தெய்வங்களின் பெயர்களையே அச்சங்குகளுக்கு இட்டார். பின்னர் ஹென்றி பிளான்போர்டு இந்நிலப்பகுதியை முறையாய் அளந்து படம் வரைந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாய்ப் பகுத்தார். உலக நிலநூலார் யாவரும் வழங்கும் பெயர்கள் இவை என்பதிற் றிருச்சிராப்பள்ளிப் பக்கத்தார் பெருமை கொள்ளலாம். பிளான்போர்டு சில வகைகளை மாத்திரம் விவரித்துவிட்டு, 1862-இல் அத்துறையை நீங்கிக் கல்கத்தாப் பிரஸிடென்ஸிக் கல்லூரி ஆசிரியரானார். எஞ்சிய அம்மோனைட்டுகள் ஸ்டொலிச்காவின் கைக்கு வந்தன.

இவ்வேலையின் அருமையை உணர்வதற்கு அவ்வுயிரைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். ஓட்டின் சுருளை நோக்கி இதனை நத்தை எனக் கருதுதல் கூடாது. கணவாய், சாக்குக்கணவாய் என்று நம் பரதவர் கூறும் உயிர்களுக்கு இது உறவு. தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவுயிர்களிற் சேர்த்துள்ளது. அம்மோனைட்டை அவ்வரிசையில் வைத்தல் இயலாது, கண்ணுடைய குடியிற் பிறந்ததாகலின். இதன் ஓட்டின் உட்புறம் குறுக்குச்சுவர்களாற் பல அறைகளாய்த் தடுக்கப்பட்டிருக்கும். உயிர் கடைசி அறையில் வாழும். ஏனைய அறைகள் காற்றடைந்து மிதப்பதற்கு உதவும். இச்சுவர் ஓட்டைத் தொடும் இடத்தே ஒரு கோடு தோன்றும். ஏறக்குறைய நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர், டெவோனியன் என்னும் காலத்தில், இக்குலம் முதன்முதல் தோன்றியபொழுது அக்கோடு சிற்றலைபோல் எளிதாய் வளைந்திருந்தது. காலம் செல்லச்செல்ல அது மடிந்து, மடிப்பினுள் மடிப்பாய், கீரையிலையின் விளிம்புபோற் சிக்கலாயிற்று. ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்க் குலமுழுதும் அழிந்துபட்டது. ஆகவே அரியலூர்ச் சங்குகள் இப்பெருங்குலத்தின் கடைசித் தலைமுறைகளைச் சார்ந்தவை.

ஓர் இனத்தை விவரித்தலாவது இது: ஓட்டின் குறுக்களவு எவ்வளவு, நடுவிலுள்ள கொப்பூழ் எத்துணை அகலம், புறச்சுற்று உட்சுற்றை எவ்வளவு மூடுகின்றது, மேலே வரம்புகள் எத்தனை, அவை எங்கே கிளைக்கின்றன, முண்டுகள் உண்டோ இல்லையோ என்று அளந்தெழுத வேண்டும். அறைக்கோட்டை மடிப்பு விடாமற் படியெடுக்க வேண்டும். அதன்பின்னரே கடினமான பகுதி வருகின்றது. ஒரே இனத்தின் குட்டியும் முதியதும் வரம்பிலும் பருமனிலும் வேறுபடும். அவ்விரண்டிற்கும் இரண்டு பெயரிட்டுவிட்டால், இல்லாத ஓர் இனம் நூலில் நுழைந்துவிடும். ஐரோப்பாவிற் கிடைத்ததை ஒத்திருக்கும் ஒன்றை வேறெனப் பிரித்தாலோ, வேறான ஒன்றை அதுவே எனச் சேர்த்தாலோ, பாறையின் வயது பிழைபட்டுப்போம். போர்ப்ஸ் புதுச்சேரிப் பாறைகளை எல்லாவற்றிலும் மூத்தவை எனக் கணித்தது, உண்மைக்கு ஐந்து கோடி ஆண்டுகளுக்குக் குறையாமற் பின்னே சென்ற கணக்கு. அத்துணை அறிஞரும் வழுவிய இடம் அது. ஒப்பிட்டுப் பார்த்தற்குரிய மூலச்சங்குகளோ வியன்னா, பாரிஸ், இலண்டன் காட்சிசாலைகளில் இருந்தன. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இலேதான். ஸ்டொலிச்கா அம்மோனைட்டு நூலை முடித்தது அதற்கு மூன்றாண்டு முன்னர்.

1863 தொடங்கி 1866 வரை அந்நூல் நான்கு பகுதிகளாய் வெளிவந்தது. அதற்குரிய படத்தகடுகள் 26 முதல் 94 முடிய அறுபத்தொன்பது. பார்த்ததை உள்ளபடி வரைந்து வைத்தமையே அவற்றின் சிறப்பு என்பது எம் கருத்து. காளிகை, பவானி என்று அவரும் இரண்டு சங்குகளுக்குப் பெயரிட்டார். ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்பன முறையே ஐரோப்பாவின் சீனோமேனியன், டூரோனியன், செனோனியன் காலங்களுக்கு நேரானவை என்று இவ்வுயிர்களைக்கொண்டு அவர் துணிந்தார். உடன் பணிபுரிந்த தியோபால்டு பெயரால் அவர் 1865-இல் விவரித்த ஓரினம் பின்னாளில் ஒரு பேரினத்திற்கே மூலமாயிற்று. அதன் குடும்பத்துச் சங்குகள் மடகாஸ்கரிலும் நியூஸிலாந்திலும் உறைபனி மூடிய அண்டார்க்டிகாவிலும் அகப்படுகின்றன. ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்த அந்நிலங்களின் கரைகளை ஒரே வகைக் கடலுயிர்கள் சூழ்ந்திருந்தன என்பதற்கு இவையும் சான்று.

அம்மோனைட்டோடு அவர் நிற்கவில்லை. நத்தை, சிப்பி, பவளம் முதலிய ஏனையவற்றையும் 1873-க்குள் மேலும் மூன்று பெருந்தொகுதிகளில் எழுதி முடித்தார். இடையிடையே 1864-இலும் 1865-இலும் இமயத்தின் ஸ்பித்திப் பள்ளத்தாக்கில் நடந்து, அப்பாறைகளை வரிசைப்படுத்திப் பெயரிட்டார். அவற்றுள் அவர் முத் என்று பெயரிட்ட அடுக்கின் வெண்பாறை டெவோனியன் காலத்தது என்று பிற்காலத்தார் கண்டனர். ஸ்பித்தி மென்பாறை என்று பெயரிட்டதோ, சாளக்கிராமம் பிறக்கும் கண்டகி நாட்டு அடுக்கிற்கு உடன்பிறப்பு. பறவை, பாம்பு, நிலநத்தை என்று அவர் எழுதியவற்றைத் தனியே எண்ணவேண்டும்.

1873-இல் ஆங்கில அரசாங்கத்தார் காஷ்கர் அரசன் யாகூப் பேக்கிடம் போர்சைத் என்பவர் தலைமையில் அனுப்பிய தூதிலே அவரும் இயற்கை நூலறிஞராய்ச் சேர்ந்தார். பதினெண்ணாயிரம் அடிக்கு மேற்பட்ட காரகோரம் கணவாயை நோக்கிச் செல்கையிலேயே தண்டுவடத்தைப் பற்றிய நோய் அவரை வருத்திற்று. தேறியதும் திரும்பாமற் காஷ்கருக்கும் பாமீர் மலைநாட்டிற்கும் சென்றார். மறு ஆண்டு மீளும்போது அதே கணவாயைக் கடந்ததும் நோய் மீண்டும் பற்ற, லடாக்கின் முர்கோ என்னும் இடத்தில் 1874-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி உயிர்நீத்தார். முப்பத்தாறு ஆண்டு முடிந்து பன்னிரண்டு நாளே ஆகியிருந்தது. லே நகரில் அவரை அடக்கம் செய்தனர். அவர் திரட்டியவற்றையும் குறித்தவற்றையும்கொண்டு பிறர் எழுதிய நூல்வரிசை 1878 முதல் 1891 வரை வெளிவந்தது.

வியன்னாவிலிருந்த பிரான்ஸ் காஸ்மட் 1895 முதல் நம் நாட்டுச் சங்குகளை மீண்டும் ஆராய்ந்தார். புதுச்சேரிப் பாறைகள் அரியலூர்த் தொகுதிக்கே ஒத்தவை என்று 1897-இல் அவர் நிறுவினார். ஸ்டொலிச்கா இட்ட பெயர்கள் சிலவற்றையும் மாற்றினார். படங்கள் அத்துணைத் தெளிவாயிருந்தமையால் எதை மாற்றுகிறோம் என்பதில் ஐயம் எழவில்லை. இக்காலத்தில் எண்ணெய் தேடிக் காவிரிக் கழிமுகத்திற் பல இடங்களில் துளையிட்டோர், வண்டலுக்கு வெகு ஆழத்தே அரியலூர்க் காலத்துக் கடற்பாறைகளைச் சந்தித்துள்ளனர்.

ஸ்டொலிச்கா இறந்த மறு ஆண்டில், 1875-இல், நொய்மாயர் என்னும் அறிஞர் ஓர் அம்மோனைட்டுப் பேரினத்திற்கு ஸ்டொலிச்கையா என்று பெயரிட்டார். அதன் சங்குகள் ஊட்டத்தூர்த் தொகுதியைச் சார்ந்த ஒதியத்துக் களிமண் மேடுகளிற் கிடைக்கின்றன.