எல்லாருக்கும் உள்ளதே அவருக்கும்

நான் தலைவியான புதுசுல கூட்டத்துல எனக்கு நாற்காலி, மத்தவங்களுக்குப் பாய். யாரும் வாயே திறக்கல. அப்போதான் நம்ம ஊரு ரமணரை நினைச்சேன்.

1879-ல் திருச்சுழியில் பிறந்தவர், 16 வயசில், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்தார். 1950-ல் மறையும்வரை இங்கேயே இருந்தார். ஊர் ஊரா ஜனங்க தேடி வந்த காலத்திலும் விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்குவார். சிந்தின அரிசியைப் பொறுக்குவார். பந்தியில் தனக்கு மட்டும் கூடுதலா வைத்தால் ஏத்துக்க மாட்டார். அதிகம் பேசாமல் செஞ்சு காட்டுவார், பார்த்தவங்க கத்துக்கிட்டாங்க.

அடுத்த கூட்டத்துல நானும் பாயில உட்கார்ந்தேன். பின்வரிசை அக்கா ஒருத்தர், கடன் பதிவேட்டுல ரெண்டு மாசமா தன் பேருல இருந்த தப்பைச் சொன்னாங்க. அன்னைக்கே திருத்தினோம்.