சினிமாவில் நிலாவுக்குப் போனவர்!

குட்டீஸ்... மனிதன் நிலவில் கால் வைத்தது 1969ம் ஆண்டில் என்று படித்திருப்பீர்கள். அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர், ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு நிலவுக்குப் போய், பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டார். எங்கே என்கிறீர்களா? சினிமாவில்தான்! அவர் பெயர் ஜார்ஜ் மெலியஸ்.

பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில், 1861ம் ஆண்டு டிசம்பர் 8ம் தேதி பிறந்தார் மெலியஸ். அப்பாவுக்குக் காலணித் தொழில். மகனுக்கோ மேஜிக் மீது கொள்ளை ஆசை. 1888ல் ஒரு மேஜிக் அரங்கத்தையே விலைக்கு வாங்கி, வித்தைகள் காட்டத் தொடங்கினார்.

1895ம் ஆண்டு டிசம்பரில், லூமியர் சகோதரர்கள் பாரிஸில் சினிமா காட்டினர். அதைப் பார்த்து அசந்துபோன மெலியஸ், அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார். அவர்கள் தர மறுத்துவிட்டனர். அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. லண்டனில் வேறொரு கருவியை வாங்கி, அதை வைத்தே கேமரா செய்துகொண்டார்.

படம் எடுக்கும்போது கேமராவை நிறுத்துவார். நடிகர் விலகிக்கொள்வார். மறுபடி கேமராவை ஓட்டுவார். திரையில் பார்த்தால், ஆள் சட்டென்று மாயமாகியிருப்பார்! இப்படிப் பல தந்திரங்களைக் கையாண்டார்.

1902ல் வந்தது, 'நிலவுக்கு ஒரு பயணம்.' சுமார் 14 நிமிடம் ஓடும் அந்தப் படத்தில், பீரங்கியிலிருந்து பாயும் குண்டு வடிவ விண்கலம், நிலவின் கண்ணிலேயே போய்ச் செருகும். குடையால் ஓர் அடி கொடுத்தால், நிலவுவாசிகள் புகையாகிப் போவர். பயணக் குழுவின் தலைவராக நடித்தவரும் மெலியஸ்தான்.

படம் பெரும் வெற்றி. ஆனால், அமெரிக்காவில் சிலர் திருட்டுப் பிரதி எடுத்து, லாபத்தை அள்ளிக்கொண்டனர். நாளடைவில் ரசனையும் மாறியது. மெலியஸ் கடனில் மூழ்கினார். முதல் உலகப் போரின்போது, அவரது படச்சுருள்கள் பலவற்றை ராணுவம் உருக்கி, காலணிக் குதிகால் செய்தது. காலணித் தொழிலை விட்டு வந்தவரின் கனவுகள், காலணியாகிப் போன கொடுமையைப் பாருங்கள்! 1923ல் மனம் உடைந்து, மீதியிருந்த மூலச்சுருள்களைத் தாமே தீயிலிட்டார்.

பிறகு பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில், பொம்மையும் மிட்டாயும் விற்றுப் பிழைத்தார். அங்கே இருந்தவரைச் சினிமா அன்பர்கள் அடையாளம் கண்டுகொண்டனர். தேடிக் கிடைத்த அவரது படங்களை 1929ல் திரையிட்டுப் பாராட்டினர். 1931ல் பிரான்ஸ் அரசின் உயரிய விருதும் கிடைத்தது. 1938ம் ஆண்டு ஜனவரி 21ம் தேதி காலமானார்.

அவர் எடுத்த 500க்கும் மேற்பட்ட படங்களில், சுமார் 200 மட்டுமே இன்று மிஞ்சியுள்ளன. அவற்றில் பல, வெவ்வேறு நாடுகளில் யார் யாரோ வைத்திருந்த பிரதிகள். நிலவுப் படத்தின், கையால் வண்ணம் தீட்டிய பிரதி ஒன்று, 1993ல் ஸ்பெயினில் கிடைத்தது. கல்லாய் இறுகியிருந்த அதை, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுச் சீராக்கி, 2011ல் திரையிட்டனர்.

குட்டீஸ்... நீங்கள் வரைந்த படத்தையோ, எழுதிய கதையையோ கோபத்தில் கிழிக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மெலியஸ் எரித்ததைத்தான், உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது!