பழைய வீடியோ கேம் பெட்டிக்குள் ஒரு நோபல் விஞ்ஞானி... யார் இந்த ஃபெர்டினாண்ட் பிரவுன்?

1980ல் வந்த பேக்-மேன் மாதிரியான ஆர்கேட் கேம் பெட்டிகளை வெளிநாடுகளில் இன்றும் பலர் பழுதுபார்த்துப் பாதுகாக்கிறார்கள். அதில் பெரிய தலைவலியே மானிட்டர்தான். பழைய பிக்சர் டியூப் போய்விட்டால் புதுசு கிடைப்பது கஷ்டம். அதனால் அந்த இடத்தில் எல்சிடி மானிட்டரை மாட்டுகிறார்கள். இப்படிக் கழற்றப்படும் டியூபுக்கு வழி காட்டியவர்தான் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். யார் இவர்? பார்க்கலாம்.

பள்ளி ஆசிரியர் டூ பேராசிரியர்

ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் 1850 ஜூன் 6ல் பிறந்தார் பிரவுன். 1872ல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். லைப்சிக்கில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். சில படிகங்கள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாகக் கடத்துவதை 1874ல் கண்டறிந்தார். பிற்கால டயோடுகளுக்கு இது முன்னோடி.

டியூப் பிறந்த கதை

1897ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பேராசிரியராக இருந்தபோது டியூபை உருவாக்கினார். டிவிக்காக இல்லை. மின்னோட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கணும், அவ்வளவுதான். கண்ணாடிக் குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றையை அனுப்பி, மின்காந்தச் சுருளால் வளைத்து, ஒளிரும் திரையில் விழ வைத்தார். பேக்-மேன் மானிட்டரும் இதே அடிப்படையில் இயங்கியதுதான். இதற்கு அவர் காப்புரிமையே வாங்கவில்லை!

காப்புரிமையால் வந்த சோகம்

கம்பியில்லாத் தந்திக்காக 1909ல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறகு, அமெரிக்காவின் சேவில் பகுதியில் இருந்த ஜெர்மன் வானொலி நிலையத்தின் மீது மார்க்கோனி நிறுவனம் காப்புரிமை வழக்கு போட்டது. நிலையத்துக்காக சாட்சி சொல்ல, 1914 இறுதியில் பிரவுன் அமெரிக்கா கிளம்பினார். முதல் உலகப் போர் நடந்த நேரம் அது. 1917ல் அமெரிக்காவும் போரில் இறங்க, அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1918 ஏப்ரல் 20ல் நியூயார்க்கின் புரூக்ளினில் காலமானார். வயது 67.

எல்சிடி மாட்டினால் போதுமா?

எடை குறையும். ஆனால், கற்றை திரையில் ஓடும் நேரத்தை வைத்து குறியைக் கண்டுபிடிக்கும் சில துப்பாக்கி கேம்கள் எல்சிடியில் வேலை செய்யாது. அதனால் டியூபைத் தூக்கிப் போடாமல் சரிசெய்யவே பலர் முயல்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம் என்பதால், பழக்கமில்லாதவர்கள் கை வைக்கக் கூடாது.

பேக்-மேன் பிறந்த ஜப்பானில் பிக்சர் டியூபுக்கு என்ன பெயர் தெரியுமா? பிரவுன் குழாய்!